அகீலின் படகுக்கு வைத்த பெயர்

இறக்கக்கண்டி மீனவர் அகீலுக்குப் பொறுமை கிடையாது. முதல் இழுவையில் எஞ்சின் பிடிக்காவிட்டால் அதற்கும் ஏச்சு விழும். படகுக்கு ‘சோமசேகரம்’ என்று ஏன் பெயர் வைத்தார் என்று கேட்கவே எனக்குப் பயம்.

நாங்கள் இருவரும் சேர்ந்து தொழிலுக்குப் போன முதல் மாதம், வலையில் ஒரு ஆமை அசைவில்லாமல் வந்தது. ஆமையை உடனே கடலில் விடுவதுதான் வழக்கம். நானும் தூக்கினேன்.

"போடாதீங்க! மீனெண்டா செவுளால தண்ணிக்குள்ளயே மூச்செடுக்கும். இதுக்கு நம்மளப்போல நுரையீரல். இப்ப போட்டா தண்ணிக்குள்ள தாண்டு, மூச்சு முட்டிச் செத்திரும்."

அகீல் ஆமையைக் குப்புறக் கிடத்தி, பின்பக்கத்தை உயர்த்தி, ஈரச் சாக்கால் மூடினார். வாயிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"செத்த ஆமைக்கு வைத்தியமோ?" என்றேன்.

"செத்ததெண்டு சொல்ல ஏலாது. மூச்சில்லாத நேரம் இதயம் மெல்லமாத்தான் அடிக்கும். ரத்தத்தில மிச்சமிருக்கிற காத்தச் சிக்கனமாச் செலவழிக்குது."

வெயில் ஏறியது. பெட்டியில் ஐஸ் கரைந்தது. எனக்கு எரிச்சல்; ஏச்சுக்காரர் அகீலோ சாக்கு காயக் காயக் கடல்நீர் தெளித்துக்கொண்டிருந்தார். இரண்டு மணித்தியாலம் கழித்து ஆமை தலையைத் தூக்கி, ‘புஸ்’ என்று மூச்சு விட்டது. மெதுவாகக் கடலில் இறக்கினார்.

"இவ்வளவு பொறுமை எங்கால வந்தது?"

"கடலட்டை பிடிக்க முழுகப்போய் நானும் இப்பிடித்தான் கிடந்தனான். எல்லாரும் மூச்சில்ல, மௌத்தெண்டு சொல்லிட்டாங்க. கூட வந்த சோமசேகரம் மட்டும் கரை வரைக்கும் வாயில ஊதினவர். நான் கண் முழிக்கேக்க நெஞ்சுக்குள்ள இருந்தது அவர்ட மூச்சு."