பின்கழுத்தில் ஒரு வெள்ளை மணி

“வெள்ளி. பஸ் தாமதம். ஸ்கார்ஃபின் கழுத்துப் பகுதி முடிந்தது. பக்கத்து வீட்டுக் குறடைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.”

1978 டிசம்பர் 15 அன்று என் டைரியில் இருப்பது இவ்வளவுதான். எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். அன்றைக்கு மட்டும் இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

அப்போது நான் ஹைதராபாத்தில், குஷாய்குடா பக்கத்துப் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லோத்குண்டாவிலிருந்து காலையில் கம்பெனி பஸ். என் பக்கத்து இருக்கையில் எப்போதும் ஓர் அக்கா உட்காருவார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். இரண்டு தலைமுறையாகச் செகந்திராபாத்வாசிகள். கணவர் காலமாகிவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகள் ஒருத்திதான்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் அக்கா பஸ்ஸில் ஒரு ஸ்கார்ஃப் பின்ன ஆரம்பித்தார். எங்கள் பகுதியில் ராணுவக் குடும்பங்கள் அதிகம். யாரோ ஒரு அதிகாரியின் மனைவி, வெள்ளைக் கண்ணாடி மணிகள் வைத்துப் பின்னிய நீல ஸ்கார்ஃப் அணிந்திருப்பதை மகள் பார்த்துவிட்டாள். கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சுக்குப் போட்டுப் போக அதே மாதிரி வேண்டும் என்றாளாம்.

மணி வைத்துப் பின்னுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஆரம்பிக்கும் முன்பே எல்லா மணிகளையும் கம்பளி நூலில் கோத்துவிட வேண்டும். பிறகு பின்னப் பின்ன ஒவ்வொன்றாக ஊசிப் பக்கம் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஜெனரல் பஜாரில் மணி வாங்கி வந்து, அத்தனையையும் கோத்தது மகள்தான். அந்த நூலுருண்டையைச் சிக்காமல் இருக்க ஒரு பால் பவுடர் டின்னில் போட்டு, மூடியில் ஓட்டை வைத்து நூலை வெளியே விட்டிருந்தார் அக்கா. டின் காலடியில் இருக்கும். திருமலகிரித் திருப்பத்தில் டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அது கலகலவென்று உருளப் பார்க்கும். அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே வலது காலை நீட்டித் தடுத்துவிடுவார்.

“அம்மா, மேரேகு பீ ஏக் பனாவோ” என்று டிரைவர் ஒருநாள் தனக்கும் ஒன்று கேட்டார்.

“தும்கு கைக்கு பாய்? உங்களுக்கு எதுக்கு இது? நம்ம ஊர் வெயிலுக்கு விசிறிதான் பின்னித் தரணும்” என்றார் அக்கா. பஸ்ஸே சிரித்தது. என் பக்கம் திரும்பி, “என்ன ஹிஸ்டரி, இதையும் எழுதிக்கிட்டியா?” என்றார். எனக்கு அவர் வைத்த பெயர் அது.

செப்டம்பர் கடைசியில் மகளின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய் என்றார்கள். அக்டோபரில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க ஆரம்பித்தார்கள். எங்கெங்கே வைக்க வேண்டும் என்பதற்காகக் கழுத்தைச் சுற்றி ஊதா மையில் கோடு போட்டுவிட்டார்களாம். அதைக் கழுவக்கூடாது. நாளாக ஆகத் தோலும் கருத்து உரிந்தது. அந்தப் பெண் வாசல் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். சர்ச் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள்.

“கூப்பிட்டா ‘நக்கோ மம்மி, வேண்டாம், எல்லாரும் கழுத்தையே பார்க்கிறாங்க’ங்கா” என்று அக்கா சொன்னார். “ஸ்கார்ஃப் முடியட்டும், அதைப் போட்டுக்கிட்டு கிறிஸ்துமஸுக்கு வர்றேன்னு அவளே சொல்லியிருக்கா. அது போதும் எனக்கு.”

அதன்பிறகு அக்கா சிரித்துப் பேசுவது குறைந்தது. ஆஸ்பத்திரி வராந்தா, ரேஷன் வரிசை, பஸ் என்று எங்கே போனாலும் டின் கூடவே போனது. டிசம்பர் இரண்டாம் வாரம் ஸ்கார்ஃப் முடிந்தது. உள்பக்கம் மெல்லிய பழைய மல் துணி வைத்துத் தைத்து மகளுக்குப் போட்டுப் பார்த்தார். மறுநாள் பஸ்ஸில் ஏறியபோதே அவர் முகம் சரியில்லை.

“துணி வச்சும் மணி உறுத்துது. ‘பரவால்ல மம்மி’ன்னு சொல்றா. ஆனா கண்ணுல தண்ணி நிக்குது.”

“துப்பட்டா போட்டுக்கலாமே அக்கா?”

“கேக்காமலா இருப்பேன்? இதுதான் வேணுமாம். அவ கோத்த மணில்லா.”

பிரித்து மறுபடி பின்ன நாளில்லை. பிரிக்காமல் மணியை எடுக்க ஒரே வழிதான். உடைக்க வேண்டும். எங்கள் பிரிவில் வயரிங் வேலைக்கு நோஸ் பிளையர் பிடித்துப் பழகிய கை என்னுடையது. ஆனால் அங்கே இருப்பதைப் பிரிவை விட்டு வெளியே கொண்டுவர முடியாது; பக்கத்து வீட்டில் ரேடியோ ரிப்பேர் செய்பவரிடம் மூக்கு நீண்ட குறடு இரண்டு வாங்கி வந்தேன்.

இரண்டு மூன்று நாள் மதிய இடைவேளையில் கேன்டீன் வராந்தாவில் உட்கார்ந்தோம். கண்ணாடி தெறிக்காமல் இருக்க டிபன் மூடியில் தண்ணீர் ஊற்றி, ஸ்கார்ஃபை அதில் நனைத்து, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு மணியாக நெரித்தோம். கொஞ்சம் அழுத்தம் தவறினால் நூலும் அறும். கழுத்தில் படும் நடுப்பகுதியில் மட்டும் எடுப்பதென்றும், முன்னால் தொங்கும் இரண்டு நுனிகளிலும் விட்டுவிடுவதென்றும் முடிவு செய்திருந்தோம். பாதியை நான் செய்தேன், பாதியை அவர். ஒவ்வொரு மணி உடையும்போதும் தண்ணீருக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஒருமுறை அக்கா, “இதை எத்தனை நேரம் உட்கார்ந்து கோத்தா தெரியுமா” என்றார். வெள்ளிக்கிழமை முடிந்தது. வீட்டில் நன்றாக உதறி, அலசி, புதிய மல் துணி வைத்துத் தைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

கிறிஸ்துமஸ் காலையில் நானும் சர்ச்சுக்குப் போனேன். அதுவரை உள்ளே போனதில்லை. எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. அவர்களுக்கு நேர் பின் வரிசையில் உட்கார்ந்தேன். அவள் வந்திருந்தாள். மிகவும் இளைத்திருந்தாள். நீல ஸ்கார்ஃப் கழுத்தைச் சுற்றி இருந்தது. யாரும் கழுத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் ஸ்கார்ஃப் அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். பாட்டுகளை அவள் குரல் எழாமல் உதட்டால் பாடினாள். பக்கத்தில் நின்ற அக்கா அவளுக்கும் சேர்த்துச் சத்தமாகப் பாடினார்.

ஜெபத்துக்கு அவள் தலை குனிந்தபோதுதான் கவனித்தேன். பின்கழுத்தில், நடுவில், ஒரே ஒரு வெள்ளை மணி இருந்தது.

அந்தப் பகுதியை நாங்கள் விரலால் தடவித் தடவிப் பார்த்திருந்தோம். எப்படித் தப்பியது? உறுத்துமே என்று நான் பதறிக்கொண்டிருக்கும்போதே அவள் கை பின்னால் போனது. விலக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். விலக்கவில்லை. விரல் நுனியால் அந்த மணியைத் தொட்டு, ஜெபம் முடியும் வரை அப்படியே வைத்திருந்தாள்.

அடுத்த பிப்ரவரியில் அவள் போய்விட்டாள். பெட்டியில் படுத்திருந்தபோதும் அந்த ஸ்கார்ஃப் கழுத்தில் இருந்தது. நுனி மணிகள் மார்பின் மேல் வரிசையாகக் கிடந்தன. பின்கழுத்து தலையணையில் பதிந்திருந்தது. ஸ்கார்ஃபும் அவளோடு போய்விட்டது.

பத்து நாள் கழித்து அக்கா மறுபடி பஸ்ஸில் வந்தார். கையில் சாப்பாட்டுப் பை மட்டும். டிரைவர் அவர் உட்காரும்வரை காத்திருந்து வண்டியை எடுத்தார். திருமலகிரித் திருப்பத்தில் பிரேக் விழுந்தது. அக்காவின் வலது கால் தானாக முன்னே நீண்டது. தடுக்க அங்கே எதுவும் இல்லை. காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஒரு மணியைப் பற்றி நான் அவரிடம் கேட்டதே இல்லை. நாங்கள் கவனிக்காமல் விட்டது என்றால், மகளுக்கு அது உறுத்தியிருக்குமே என்ற வேதனை மிச்சக் காலம் முழுதும் அவரைத் தின்றிருக்கும். அவரே வேண்டுமென்று விட்டு வைத்தாரா, அல்லது மகளே நுனியைக் கொஞ்சம் பிரித்து ஒன்றை எடுத்து யாருக்கும் தெரியாமல் அங்கே தைத்துக்கொண்டாளா? பின் வரிசையிலிருந்து எனக்குத் தெரிந்தது மணி மட்டும்தான். அதைப் பிடித்திருந்தது கம்பளியா, தையல் நூலா என்று தெரியவில்லை. அக்காவும் இப்போது இல்லை.

தேதி தவறினாலே தூக்கம் வராத எனக்கு, 1978 டிசம்பர் 25-ஆம் தேதிப் பக்கத்தில் “ஒரு மணி இருந்தது, எப்படி என்பது உறுதியாகவில்லை” என்று எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும் என்று இதுவரை தோன்றவில்லை.