முடியை இறக்கும் கை

அவர் தையல்காரர். ஆனால் எல்லோரும் அவரை முடிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். கோயில் முற்றத்தில் நடக்கும் காளி கூத்தில், காளி வேடம் போடுபவரின் தலையில் கனத்த மர மகுடத்தைக் கட்டுவது அவர் வேலை. அதற்கு முடி என்று பெயர். ஆவேசம் எல்லை மீறினால் பின்னாலிருந்து அதைத் தூக்கிவிட வேண்டியதும் அவர்தான். முடி தலையில் இருக்கும்வரை தெய்வம். இறங்கினால் வெறும் மனிதர். காளியின் கையில் இருப்பதோ நிஜ வாள்.

இந்த முறை அசுரன் வேடம் அவருடைய மருமகனுக்கு.

புருஷன் வைத்த இஸ்திரிப் பெட்டிச் சூட்டை முழங்கையில் வாங்கிக்கொண்டு மகள் பிறந்த வீட்டுக்கு வந்து மாதங்கள் ஆகியிருந்தன.

வேட அறையில், முகத்துக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டே மருமகன் இளித்தான்.

"என்ன மாமா, ஊசிய முழுங்கின மாதிரி நிக்கிறீங்க? நேரத்துக்கு முடிய எடுத்துடுங்க. உங்க பொண்ணு தாலி உங்க கையில."

"எத எப்ப அவுக்கணும்னு எனக்குத் தெரியும் மாப்பிள்ளை."

"ஆட்டம் முடிஞ்சதும் அவள அனுப்பி வைங்க. வீட்ல சட்டையெல்லாம் கசங்கிக் கெடக்கு."

முடிக்காரர் காளி வேடக்காரருக்கு முடியைக் கட்டப் போனார்.

அந்தி மயங்கியது. மேளம் உச்சத்துக்கு ஏறியது. காளிக்கு ஆவேசம் வந்துவிட்டது. வாள் முதலில் காற்றை வெட்டியது. அடுத்து அசுரனின் மரக் கேடயத்தைப் பிளந்தது.

"ஐயோ, முடிய எடுங்கய்யா!" கூட்டம் அலறியது.

முடிக்காரர் காளியின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அசுரன் மாமனாரின் முகத்தைப் பார்த்தான். புரிந்துவிட்டது. களத்தை விட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தான். பெண்கள் பக்கம் நின்றிருந்த மனைவியின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி, அவள் முந்தானையைப் பற்றிக்கொண்டான்.

"டேய், அசுரன் பொண்டாட்டி பின்னால ஒளிஞ்சுட்டான்டா!"

காளி துரத்தி வந்தாள். வாள் உயர்ந்தது. அதற்குக் கீழே இப்போது மகளின் தலை!

தகப்பன் பதறிப்போனார். விழுந்தடித்து ஓடிவந்து, ஒரே இழுப்பில் முடிச்சை அவிழ்த்து முடியைத் தூக்கினார். வாள் அந்தரத்தில் நின்றது. வேடக்காரர் தூக்கம் கலைந்தவர்போலத் திருதிருவென்று விழித்து, அப்படியே தரையில் சரிந்தார்.

மை வழிய வழிய அசுரன் விம்மினான். களம் தாண்டிய அசுரனுக்கு இனி அந்தக் கோயிலில் வேடம் கிடையாது. ஆனால் உயிர் இருந்தது. அதைக் காப்பாற்றியவர், முடியை மார்போடு அணைத்தபடி மகளிடம் போனார்.

"உனக்கு ஒண்ணும் ஆகலியேம்மா?"

அவள் புருஷனின் பிடியிலிருந்து முந்தானையை வெடுக்கென்று உருவினாள்.

"அவசரப்பட்டுட்டீங்களேப்பா! நான் நகர்றதுக்குள்ள எடுத்துட்டீங்க."