சவுக்கு படாத கால்

எனக்கு எழுபது வயதாகிறது. பெற்றது மூன்று, செத்துப்போன தங்கையின் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. கையெழுத்துக்கு மேல் எனக்கு எழுத வராது, நான் சொல்லச் சொல்லப் பேத்தி மலர் எழுதுகிறாள்.

நடவுக்கு உழுது போட்ட வயலின் வாடை, அழுகிய தழையும் புதுத் தண்ணீரும் கலந்த அந்தச் சேற்று வாடை மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் இடது கால்தான். மூன்று வயதில் வந்த காய்ச்சல் போகும்போது அந்தக் காலின் தெம்பையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது; குச்சியாய்த் தொங்கும், முழங்காலில் கை ஊன்றித்தான் நடப்பேன். அம்மா எனக்கு மட்டும் தரை கூட்டும் நீளத்துக்குப் பாவாடை தைக்கச் சொல்வாள். தெருவில் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை, நானும் காட்டியதில்லை.

எனக்குப் பதினொன்று நடந்தபோது, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் பண்ணை வயலில் இறங்க மறுத்தார்கள். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. களத்தில் கூட்டம் போட்டார்கள், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களெல்லாம் வந்திருந்தார்கள். பேச வந்த வெளியூர்க்காரர் நான் கை ஊன்றி நடப்பதைப் பார்த்துவிட்டு, கூலியாட்கள் சங்கத்தில் முன்னால் நிற்கும் என் அப்பாவின் காதில் என்னவோ கேட்டார். அப்பா என்னைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார். அந்த மனிதர் என் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, “இந்தப் பச்சைப் பிள்ளையின் காலைப் பாருங்கள், பண்ணையின் சவுக்கு செய்த வேலை இது” என்றார். வெளியூர்ச் சனம் உச்சுக்கொட்டியது. காய்ச்சல் என்று தெரிந்த எங்கள் தெருச் சனம் தலையைக் குனிந்துகொண்டது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்து, அதை மறுபடி முதுகில் போர்த்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சத்தம் போடாமல் கேட்டாள்: “சவுக்குத் தழும்பு ஒன் முதுகுல கெடக்கு. எதுக்குய்யா அவ பாவாடையத் தூக்குன?”

“ஆம்பள முதுகக் காட்டுறதா? எனக்கு வெக்கமா இருக்காதா?” என்றார் அப்பா.

கூலி கொஞ்சம் கூடியது. அதன்பிறகு சங்கத்து ஆட்கள் யார் வந்தாலும், சவுக்கடி பட்ட பிள்ளை எங்கே என்று கேட்டு வருவார்கள், அப்பா கூப்பிடுவார், நான் பாவாடையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்துகொள்வேன். பொடிசுகள் என்னை “சவுக்குக்காலு” என்று கூப்பிட்டன.

அந்த வருஷ நடவுக்கு நானும் போனேன். வரப்பில் தயங்கி நின்றவளைப் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காதான் கையைப் பிடித்து இறக்கினாள். “எறங்குடி, சேத்துக்குள்ள எல்லாரும் நொண்டிதான்” என்றாள். வாஸ்தவம். முழங்கால் முட்டச் சேறு, குனிந்த முதுகுகள், நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்னால் நகரும் வரிசை. குனிந்துவிட்டால் எல்லோரும் ஒரே உயரம். நல்ல காலும் பொல்லாத காலும் உள்ளேதான் கிடந்தன. மத்தியானம் எல்லோரும் கரையேறி வாய்க்காலில் கால் கழுவப் போனார்கள். நான் ஏறவில்லை. அம்மா கஞ்சித் தூக்கை வரப்போரம் கொண்டுவந்து கொடுத்தாள். சேற்றில் நின்றபடியே குடித்தேன். கல்யாணமாகிப் போகும்வரை ஒவ்வொரு நடவுக்கும் அப்படித்தான் குடித்தேன்.

அப்பா போய், அந்த முதுகும் அவரோடு வெந்துபோயிற்று. இப்போது எங்கள் ஊரில் எந்திரம் நடுகிறது; யாரும் சேற்றில் இறங்குவதில்லை, வரிசையும் இல்லை, எனக்குக் கால் மறைக்க இடமும் இல்லை. மலரின் அப்பன், என் மூத்த மகன், இன்றைக்கும் வருகிறவர்களிடம், “அம்மா சின்ன வயசுலயே சவுக்கடி பட்டவங்க” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறான். அவனை நான் திருத்தியதில்லை. விட்டால் என் சாவு போஸ்டரிலும் அதைத்தான் அடிப்பான்.

அதனால்தான் இதைச் சொன்னேன். மலரு, ஒன் அப்பன் வர்றதுக்குள்ள படிச்சுக் காட்டுடி. மொதல்ல அந்தக் காய்ச்சல் வர்ற எடத்தப் படி.