முந்நூறு லிட்டர் போதும் என்றேன்

ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை கழிப்பறைக்குப் போவார் என்று யோசிப்பதற்கே சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது. ஓசூரில் ஃபைபர் தொட்டி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிறேன். எஸ்டிமேட் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ரூமா, தொட்டியா?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் வியாபாரம் பார்த்த தேவராஜ் அண்ணன், இருந்ததையெல்லாம் போட்டுக் கேரளாவில் ஒரு சுற்றுலாப் படகு வாங்கினார். அதன் கழிவறைக்குத் தொட்டி வேண்டும். காயலில் எதையும் கொட்டக் கூடாது. கரைக்கு வந்துதான் உறிஞ்சி எடுக்க வேண்டும். தொட்டி பெரிதானால் ஒரு படுக்கையறை போய்விடும். சிறிதானால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நானோ படகில் காலே வைத்ததில்லை. அண்ணன் கிளம்பும்போது சொன்னார்:

"எனக்கு ரூமும் போகக் கூடாது, மானமும் போகக் கூடாது. பாத்துப் போடும்மா."

கதவில் ஒட்டிய காகிதம்

ஆளுக்கு எத்தனை முறை என்பதை எங்கள் கம்பெனியிலேயே எண்ணிவிடலாம் என்று தோன்றியது. மோல்டிங் பிரிவில் பத்துப் பெண்கள். கழிப்பறைக் கதவில் அவர்கள் பெயரை எழுதி ஒட்டி, போகும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் மாற்றிப் போடுவார்கள் என்று ஒரு மேதாவித்தனம்.

வாரக் கடைசியில் பார்த்தால் எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு ஆளுக்குச் சராசரியாக ஒரே கோடு. அப்படியானால் நாளைக்கு மூன்று. பத்துப் பேர், இரண்டு நாள், முறைக்கு ஐந்து லிட்டர்: முந்நூறு லிட்டர் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். காகிதம் ஒட்டிய அன்றே, போச்சம்பள்ளிப் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் செல்வி கேட்டாள்:

"இதுக்குமா மேடம் கணக்கு?"

இரண்டாம் நாள் காலை

முதல் பயணத்தில் ஒரே குடும்பத்தில் பத்துப் பேர் ஏறினார்கள். இளநீர், மோர், டீ என்று குடித்தபடியே வந்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் காலையிலேயே தொட்டி நிரம்பி, கழிவறையைப் பூட்டிவிட்டார்கள். கரை சேர இரண்டு மணி நேரம். அதற்குள் சர்க்கரை நோய் உள்ள ஓர் அம்மா புடவை நனைந்து, எல்லார் முன்னாலும் அழுதிருக்கிறார். போனில் அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"ஏம்மா, நீ எண்ணுன எடத்துல மனுசங்க தண்ணியே குடிக்க மாட்டாங்களா?"

செல்வியின் பதில்

அதே கேள்வியோடு செல்வியிடம் போனேன். காகிதம் ஒட்டிய வாரம் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக மூன்று நாள் லீவில் இருந்தவள் அவள். அந்த நாட்களுக்கு அவள் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டு, சராசரியில் சேர்த்தவள் நான். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"பேர் போட்டு ஒட்டுனா யாரு மேடம் போவா? அதிகமா போனா வேலைய விட்டு நிறுத்திருவீங்கன்னு நெனச்சோம். காலைல வாய நனைச்சதோட சரி, வூட்டுக்குப் போய்த்தான் தண்ணி குடிச்சோம்."

படகுக்குப் பெரிய தொட்டி மாற்றிக் கொடுத்து தேவராஜ் அண்ணனிடம் அந்த வாரமே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். என் மேஜையிலிருந்து நாற்பதடி நடந்து போய்ச் செல்வியிடம் அதைக் கேட்கத்தான் நேரமில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.