ஓடாமல் சொன்ன பதில்

மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வாசல்களுக்கு நடுவே நாங்கள் ஓடிய ஓட்டத்தைப் போல் நான் பிறகு எங்கும் ஓடியதில்லை.

எல்லாம் பெரியப்பா மகளால் வந்தது. அக்கா தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பாடத்தில் தேறவில்லை. மறுநாள் மறுதேர்வு. இதிலும் போனால் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகட்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் புரோகிராம் முடிய எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிடுவதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. சின்ன எண்ணைக் கொடுத்தால் லேப்டாப் சட்டென்று விடை சொன்னது. கொஞ்சம் பெரிய எண்ணைக் கொடுத்தால் அதற்குள்ளிருந்த விசிறி மட்டும் இரைந்துகொண்டே இருந்தது. விடை வரவில்லை.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டு அக்கா வெளியே வந்தாள். "பசங்களா, எல்லாரும் வாங்க! ஆளுக்கொரு வாசல்ல நில்லுங்க!"

அந்தப் புரோகிராம் செய்வதை எங்களை வைத்தே செய்து பார்க்க நினைத்தாள். விளையாட்டு இதுதான். யாராவது வந்து 'எவ்வளவு?' என்று கேட்டால், வரிசையில் நமக்குக் கீழே அடுத்தடுத்துள்ள இரண்டு வாசல்களுக்கும் ஓடிப்போய் அதையே கேட்க வேண்டும். இரண்டு பதிலையும் கூட்டி, நம்மைக் கேட்டவரிடம் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு வாசல்களில் நிற்பவர்கள் ஓட வேண்டாம். 'ஒண்ணு' என்றால் போதும். அங்கே என் தம்பியும் மாமா மகளும் நின்றார்கள். அடுத்து நான். எனக்கு மேலே அண்ணன். எல்லாருக்கும் மேலே நிற்பவரிடம் அக்கா போய்க் கேட்டால் ஆட்டம் தொடங்கும்.

ஐந்தாறு பேராக ஆடியபோது சீக்கிரம் முடிந்துவிட்டது. அக்காவுக்கு அது போதவில்லை. பக்கத்து லைன் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மேல் வாசல்களில் நிறுத்தினாள். ஒவ்வொரு தடவையும் கூடுவது ஓர் ஆள்தான்; ஓட்டமோ ஒன்றரை மடங்குக்கும் மேல் பெருகியது. செருப்புகள் தெறித்தன. ஒரு நாய் யாரைத் துரத்துவதென்று தெரியாமல் எல்லோரோடும் ஓடியது. "ஒண்ணு! ஒண்ணு!" என்று கத்தியே தம்பிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அண்ணன் வந்து கேட்பான், ஓடுவேன். அவனுக்கு மேலே நின்றவன் வந்து கேட்பான், மறுபடி ஓடுவேன். மூச்சு வாங்கும் முன் திரும்பவும் அண்ணன்.

எனக்கு அலுத்துப்போனது. நின்ற இடத்திலிருந்தே "ரெண்டு" என்றேன்.

"அக்கா, இவ ஓடாமலே சொல்றா!" என்று அண்ணன் கூவினான்.

அக்கா பாய்ந்து வந்தாள். "இன்னாடி சொன்ன?"

"எத்தினி வாட்டி கேட்டாலும் ரெண்டுதான் வருது. அப்புறம் எதுக்கு ஓடறது?"

அக்கா தெருவே அதிரக் கத்தினாள்: "எல்லாரும் இவள மாதிரியே பண்ணுங்க! ஒரு வாட்டி ஓடுங்க, பதில ஞாபகம் வெச்சிக்கோங்க. மறுபடி கேட்டா நின்ன எடத்துலயே சொல்லுங்க!"

அடுத்த ஆட்டம் தொடங்கியதும் தெரியவில்லை, முடிந்ததும் தெரியவில்லை. நாய் ஏமாந்துபோய் நின்றது. இன்னொரு பையனை மேலே சேர்த்துப் பார்த்தாள். அவன் மட்டும் இரண்டு வாசலுக்கு ஓடினான், அவ்வளவுதான்.

"பாரு! முன்ன ஒரு ஆள் சேத்தா மொத்த ஓட்டமும் பெருகிச்சு. இப்ப அந்த ஒரு ஆளோட ஓட்டம்தான் கூடுது!" அக்கா குதித்தாள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் அவளுடைய லேப்டாப்பும் இரைந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்தத் தேர்வில் அக்கா தேறினாள். இன்றைக்கு பெங்களூரில் அவளுக்குக் கீழே பலர் வேலை செய்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அவள் என் கையைப் பிடித்து, கட்டிலில் படுத்திருந்த பெரியப்பாவிடம் இழுத்துக்கொண்டு ஓடியபோது, எனக்கு அடி வாங்கித் தரத்தான் என்று நினைத்தேன்.

"அப்பா, இவதாம்பா! ஓடாமலே பதில் சொல்லிட்டா!"

பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். "இன்னாம்மா பண்ணே?"

"இல்ல பெரிப்பா, அண்ணன் பொய் சொல்றான். நான் எல்லா வாட்டியும் ஓடினேன்" என்று ஓவென்று அழுதேன். என்னைப் பெரியப்பாவிடம் மாட்டிவிட்டுவிட்டு, அக்கா ஏன் இப்படிக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிறாள் என்றுதான் எனக்கு விளங்கவேயில்லை.