பெருவுக்கு ஒரு ஓட்டு

பெரு என்றொரு தேசம் உலகத்தில் இருப்பதை எங்கள் ஊரில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். பெர்லினில் ஒலிம்பிக் நடந்த வருடம். எனக்கு ஒன்பது வயது. அப்பா வாத்தியாராக இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தின் சுவரில் தொங்கிய உலகப் படத்தில், அமெரிக்காவின் தெற்குப் பாதியில், இடதுபக்க ஓரமாக அது ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் செம்பருத்தி இதழைத் தேய்த்து அடையாளம் வைத்தேன். படத்தைப் பாழாக்கியதற்காக ஒரு மணி நேரம் முட்டுப்போட வேண்டிவந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து, "பெருவும் கடலோரத்துலதான் இருக்கு சித்தப்பா, நம்ம ஊரு மாதிரி" என்று சொன்னபோது சித்தப்பா சிரித்தார். அந்த வருடம் அவர் சிரிப்பது அபூர்வமாகிவிட்டிருந்தது. அதனால் முட்டுவலி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சித்தப்பா கால்பந்துக்காரர். எங்கள் கொட்டாரம் ஊர்ப்பக்கம் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. பழைய வேட்டியைக் கிழித்துக் கணுக்காலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவார். ஈஸ்டர் முடிந்து நாகர்கோவிலில் நடந்த கோப்பைப் போட்டியில், பூட்ஸ் போட்ட வெளியூர் அணியை எங்கள் ஆட்கள் ஒரு கோலில் ஜெயித்தார்கள். போட்டவர் சித்தப்பா. ஆனால் ஆட்டம் முடியும் முன்பே ஜனங்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள் என்று தோற்றவர்கள் புகார் கொடுத்தார்கள். மறுநாள் திரும்ப ஆட வேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. அணியில் பாதிப்பேர் மாட்டோம் என்றார்கள். அப்பாதான் தம்பியின் முதுகைத் தட்டி, "ஜெயிச்சவனுக்கு என்னலே பயம்? இன்னொரு மட்டம் ஜெயிச்சிட்டு வா" என்று அனுப்பிவைத்தார். அந்த மறு ஆட்டத்தில்தான் ஒரு பூட்ஸ் கால் சித்தப்பாவின் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. கோப்பையும் போயிற்று.

பச்சிலை வைத்துக் கட்டியே இரண்டு மாதம் கழிந்தது. புண் எலும்பைத் தொட்ட பிறகுதான் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முட்டுக்கு மேலே காலை எடுத்தால் உயிர் தங்கும், இல்லாவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்த சித்தப்பா, முன்னறைக் கட்டிலில் படுத்துவிட்டார். அவருக்கு டிரில் வாத்தியார் வேலை உறுதியாகியிருந்த சமயம் அது. "ஒத்தக் காலோட லெஃப்ட் ரைட் எப்பிடிச் சொல்லுகது?" என்று தானே கேட்டுத் தானே சிரிப்பார். வேறு யாரும் சிரிக்க மாட்டார்கள். உயிர் விஷயத்தை என் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை வெட்டிவிடுவார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதனால் போகக்கூடாது என்பது என் கட்சி.

மெட்ராஸ் பேப்பர் பள்ளிக்கூடத்துக்கு வரும். எல்லாரும் படித்து முடித்த பிறகு, ஒரு வாரத்துப் பேப்பரைச் சேர்த்துக் கட்டி அப்பா சனிக்கிழமை கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சித்தப்பாவின் கட்டிலைச் சுற்றி ஆட்கள் கூடுவார்கள். அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, சபை உபதேசியார், கோட்டாற்றில் ஜவுளிக்கடை வைத்திருந்த சாயபு ஆகிய நான்கு பேர். சாயபு சித்தப்பாவின் அணியில் கோல்கீப்பர். அத்தனை தூரமும் சைக்கிள் மிதித்து வருவார். அப்பா இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்வார். பெர்லினைக் கண்ணால் கண்டவர்கள் போல மற்றவர்கள் சண்டை போடுவார்கள்.

ஜெர்மனிக்காரர்கள் சொந்த மண்ணில் நார்வேயிடம் தோற்ற செய்தி அன்று முதலில் வந்தது. "ஆடுகதுக்கு முந்தியே ஜெயிச்சாச்சுன்னு நெனச்சிருப்பான். நம்பிக்கை வேணும்தான், அதுக்காவ இவ்வளவா?" என்றார் மாமா. பிறகு இத்தாலி. அமெரிக்காவோடு ஆடிய ஆட்டத்தில் இத்தாலிக்காரன் ஒருவனை நடுவர் வெளியே போகச் சொன்னாராம். அவனுடைய கூட்டாளிகள் நடுவரின் கையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்தினார்களாம். கடைசிவரை அவன் போகவே இல்லை. "நமக்கு இந்தப் புத்தி வரல்லியே!" என்று கோல்கீப்பர் தொடையில் தட்டினார். உபதேசியார் மட்டும், எந்த நாடாக இருந்தாலும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியத்தான் வேண்டும் என்று முகத்தைச் சுளித்தார்.

அதற்கடுத்து அப்பா பெருவை வாசித்தார். ஆஸ்திரியாவை நாலுக்கு இரண்டு என்று பெரு ஜெயித்தது. பெருவின் ஆட்கள் மைதானத்துக்குள் புகுந்துவிட்டார்கள் என்று ஆஸ்திரியா புகார் கொடுத்தது. வேடிக்கை பார்க்க ஆளில்லாத மைதானத்தில் திரும்ப ஆடும்படி உத்தரவு வந்தது. பெரு ஆட வரவில்லை. மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஊருக்கே புறப்பட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கதையை யாரோ பெர்லினில் போய்ச் சொன்னது போலிருந்தது. மறுநாள் காலை நெய்யூருக்குப் போவதற்கு அப்பா வில்வண்டி சொல்லி வைத்திருந்தார். சித்தப்பா அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"போயிருக்கக் கூடாது" என்றார் அப்பா, பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "திரும்ப எறங்கியிருக்கணும். எறங்குனாத்தானே ஒரு வழி உண்டு? வீட்டுக்குப் போனவனுக்கு என்ன வழி இருக்கு?"

"ஒருக்க ஜெயிச்சவன எதுக்கு சார் ரெண்டாம் மட்டம் எறக்கணும்? அன்னைக்கு எறக்குனதுனாலதானே..." என்று ஆரம்பித்த கோல்கீப்பர், சித்தப்பாவின் காலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். உத்தரவு என்றால் உத்தரவுதான் என்றார் உபதேசியார். நான்கு கோல் போட்டவனை அவமானப்படுத்தினால் அவன் போகத்தான் செய்வான் என்று மாமா மேஜையைத் தட்டினார்.

எங்கள் சபைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோயில் சுவருக்கு வெள்ளையடிப்பதானாலும் சரி, மணிக்குக் கயிறு மாற்றுவதானாலும் சரி, கை உயர்த்தி ஓட்டுப் போடாமல் எதுவும் நடக்காது. சித்தப்பா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாந்தான் சேர்மன். ஓட்டுக்கு விடுகேன். பெரு வீட்டுக்குப் போனது சரிங்குறவங்க கையைத் தூக்குங்க" என்றார். மாமாவும் கோல்கீப்பரும் தூக்கினார்கள். தப்பு என்பதற்கு அப்பாவும் உபதேசியாரும். ஓட்டு சமமானால் சேர்மன் ஓட்டுப் போட வேண்டும் என்பது சபைச் சட்டம். எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள்.

"என் ஓட்ட இவ போடட்டும்" என்று சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். அவருடைய கை கொதித்தது.

"பிள்ளைகிட்டயாலே இதக் கேக்குக?" என்றார் அப்பா. அவர் குரல் ஏன் அப்படி உடைந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

"பெருவப் பத்தித்தானே அண்ணே பேசுகோம்? அதக் கண்டுபிடிச்சவ இவதானே" என்ற சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மக்கா. அவன்மாரு திரும்ப எறங்கியிருக்கணுமா? இல்ல, வீட்டுக்குப் போனது சரியா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் ஓட்டுப் போடும் இடத்தில் என்னையும் ஒருத்தியாக நிறுத்திவிட்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்குப் பிடித்த பதிலும் எனக்குத் தெரிந்திருப்பதாகவே நினைத்தேன். முடிந்தமட்டும் கையை உயரத் தூக்கி, "வீட்டுக்குப் போனதுதான் சரி" என்றேன்.

சித்தப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார். "தீர்மானம் பாஸ்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா பேப்பரை மடிக்காமலே எழுந்து போனார். காப்பியோடு வாசல்படியில் நின்ற அம்மா தட்டைக் கீழே வைத்தாள். என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டுபோய் கன்னத்தில் ஓங்கி அடித்தாள். அம்மா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். பெருவுக்கு ஓட்டுப் போட்டதற்கு அடியா, இதென்ன நியாயம் என்று தேம்பித் தேம்பி அழுதேன். அம்மாவும் அழுதாள்.

மறுநாள் வில்வண்டி வந்தது. அப்பா கெஞ்சினார், வண்டிக்காரர்கூடச் சொல்லிப் பார்த்தார். "தீர்மானம் பாஸானது பாஸானதுதான் அண்ணே" என்று சித்தப்பா விளையாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே கட்டிலை விட்டு அசையவில்லை. வண்டி வெறுமனே திரும்பியது. கால் தப்பிவிட்டது என்று நான் வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் குதித்துக்கொண்டு ஓடினேன்.

அடுத்த வாரத்துப் பேப்பர்கட்டை அப்பா பிரிக்கவே இல்லை. மாமாதான் எடுத்து வாசித்தார். பெருவின் இடத்தில் ஆடப் போன ஆஸ்திரியா, கடைசி ஆட்டத்தில் இத்தாலியிடம் தோற்றுவிட்டதாம். நாம் ஓட்டுப் போட்டது சரியாகப் போயிற்று என்று சொல்ல ஓடினேன். சித்தப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். நான் சொன்னது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ஓணத்துக்கு முன்பே அவரைக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். கோல்கீப்பர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார்.

வயது வந்தபின் ஒருநாள் நானே அம்மாவிடம் அந்த ஓட்டைப் பற்றிக் கேட்டேன். "அவன் முன்னமே தீர்மானிச்சாச்சு மக்கா. உம்மேல ஒரு பழியும் இல்ல" என்றாள். நல்ல மனசு அவளுக்கு. அப்பாவும் அதையேதான் சொல்லியிருப்பார், கேட்டிருந்தால். நான் கேட்கவில்லை. இப்போதும் சபைக் கூட்டங்களில் கை உயர்த்தச் சொன்னால் நான் கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

முன்னமே தீர்மானித்தவர் ஓட்டைத் தானே போட்டிருக்கலாம். அது அவருடைய ஓட்டு. அதை என்னிடம் கொடுத்துவிட்டு என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தாரே, அதுதான் என்னை இன்றும் விடுவதில்லை. 'திரும்ப எறங்கணும் சித்தப்பா' என்று ஒரு குரல் சொல்லிவிடாதா என்று அவர் காத்திருந்திருக்கிறார். அப்பா சொன்னால் அது முன்பு அனுப்பிவைத்தவரின் குரல். டாக்டர் சொன்னால் அது வெட்டுகிறவரின் குரல். மிச்சம் இருந்தது நான்தான். அவர் பெருவைப் பற்றிக் கேட்கிறார் என்றே நான் நினைத்தேன்.