நெவில் ட்ரெலோரின் அவசரம்

பேக்கரிப் பெண் “மிஸ்டர் ட்ரெலோர், தக்காளி சாஸ்—” என்று வாயெடுப்பதற்குள், “வேணாம்மா, பாஸ்டி மட்டும். ரெண்டு. சூடா. நாளைக்கு மழை வராது” என்று சொல்லி முடித்து, கறி அடைத்த அந்த ரொட்டிகளின் பையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார் நெவில் ட்ரெலோர். மழையைப் பற்றி அவள் இன்னும் கேட்கவேயில்லை. கேட்டிருப்பாள். பார்லி அறுவடை சமயத்தில் தென் ஆஸ்திரேலியாவின் மூண்டாவில் வேறு என்ன கேட்பார்கள்?

பண்ணைகளில் தண்ணீர் பம்பு பழுது பார்ப்பது அவர் தொழில். வண்டியை விட்டு இறங்கும்போதே “வாஷர்தான்” என்பார். பெரும்பாலும் வாஷராகத்தான் இருக்கும். அந்தத் தைரியத்தில் மனிதர்களையும் அப்படியே பழுது பார்ப்பார். யார் எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் அவரே முடித்து வைப்பார். ஒருநாள் சர்ச்சில் போதகர் ஜெபத்தின் நடுவே மூச்சு வாங்க நின்றபோது, நெவில் உரக்க “ஆமென்” சொல்லிவிட்டார். சபை முழுவதும் உட்கார்ந்துவிட்டது. மனைவி ஐலீன் மட்டும் கண்ணை மூடியபடி, மிச்ச ஜெபத்தைத் தன் மனசுக்குள் சொல்லி முடித்தார்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் நெவில் தன் கையால் செய்த ரேடியோ. உரிமம் வாங்கிக்கொண்டு, பொழுதுபோக்காக ஊர் உலகத்தோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோக்காரர் அவர். பழைய ரேடியோவில் கம்பிச் சுருள்கள் செய்த வேலையை இதில் கணினிக்குள் ஓடும் கணக்கு செய்கிறது. அந்தக் கணக்கையும் அவரேதான் எழுதினார். மற்றவர்கள் அலைகள் திரையில் கோடு கோடாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். நெவில் அந்தப் படத்தையே எடுத்துவிட்டார். “ரேடியோ கேக்கறதுக்கு. பாக்கணும்னா டிவி இருக்கே.”

பக்கத்து ஊர் கடீனாவில் இருக்கும் அலெக் நான்கெர்விஸ் அவருடைய பழைய சிநேகிதர். காலைத் தேநீரோடு சிற்றலையில் பேசிக்கொள்ளாத நாள் கிடையாது. போன குளிர்காலத்தில் அலெக்கைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சு அடியோடு போகவில்லை. ஆனால் ஒரு சொல் நாக்குக்கு வந்து சேர வெகுநேரம் ஆகும். முதியோர் இல்லத்திலிருந்து தொலைபேசியில் அலெக் “எனக்கு... அந்த...” என்று தேடினால், “தண்ணியா? போர்வையா? நர்ஸைக் கூப்பிடணுமா?” என்று இங்கிருந்து நெவில் அள்ளிப் போடுவார். அலெக் தொலைபேசியைத் தொடுவதை விட்டார். கொஞ்ச நாளில் யாரோடும் பேசுவதையே விட்டார்.

அப்போதுதான் அவர் மகள் லோவென்னா ஒரு கையடக்க ரேடியோவை வாங்கி வந்து கொடுத்தாள். அதன் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை பேசுகிற வாய்ப்பு அலெக்குடையது. எதிர்ப்பக்கத்தின் குறுக்குப் பேச்சு அவர் காதில் விழாது. அலெக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னாராம்: “நெவ்.”

சங்கடம் என்னவென்றால், அந்தச் சின்னப் பெட்டி எஃப்.எம். முறையில்தான் பேசும். நெவிலின் ரேடியோவுக்கு எஃப்.எம். புரியாது. “டாக்ஸிக்காரன் ரேடியோ” என்று இத்தனை காலமும் அதை ஒதுக்கி வைத்திருந்தார்.

“கடையில ஒண்ணு வாங்கிடேன், நெவ்” என்றார் ஐலீன்.

“தெரிஞ்சா பல்செட்டு தெறிக்கச் சிரிப்பான் அலெக். நானே செஞ்சுடுவேன். பெரிய வித்தையில்ல ஐலீன். எஃப்.எம்.ல அலை முன்னப்பின்ன ஆடும். இப்ப எந்தக் கோணத்துல இருக்குன்னு பாரு. அதுலேர்ந்து முந்தின கோணத்தைக் கழி. மிச்சம்தான் பேச்சு.”

“உன் பேச்சுல கொஞ்சம் கழிச்சாக்கூட—”

“வீட்டுக்கு நல்லதுங்கற. தெரியும்.”

கணக்கை எழுதிவிட்டார். பதில் பேசுவதற்கு இன்னும் வழி செய்யவில்லை. “முதல்ல கேக்கட்டும். பேசறதை அப்புறம் பாத்துக்கலாம்.” ஆனால் கணினிக்கு அந்தச் சுமை தாங்கவில்லை. கொஞ்ச நேரம் ஓடும், பிறகு சத்தமில்லாமல் ஊமையாகிவிடும். அணைத்து மறுபடி போடுவார். கணக்கைக் குறைத்து, செதுக்கி, சனிக்கிழமை ஒருவழியாக நிற்காமல் ஓட வைத்தார். யாரும் பேசாத எஃப்.எம். சும்மா இருக்காது, பார்லியைச் சேமிப்புக் கிடங்கில் கொட்டுகிற மாதிரி ஓயாமல் இரையும். நெவிலுக்கு அந்த இரைச்சல் சங்கீதமாக இருந்தது.

ஞாயிறு மதியம் அலெக் பேசுவதாக ஏற்பாடு. கொட்டகை வாசலில் உட்கார்ந்து ஐலீன் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். இரைச்சல் கொட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று அடங்கியது.

“மறுபடி மாட்டிக்கிச்சு!” நெவில் அணைத்துப் போட்டார். இரைச்சல் வந்தது. சற்று நேரத்தில் மறுபடி அடங்கியது. “சே, நேத்து நல்லாத்தானே ஓடிச்சு!” மறுபடி அணைத்துப் போட்டார்.

ஐலீனின் கைபேசி அடித்தது. லோவென்னா.

“ஆன்ட்டி, அங்கிளுக்குக் கேக்குதா? அப்பா அழுத்திப் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கார். உதடு அசையுது, சொல்லு வரல. கை வலிச்சு விட்டுட்டார், மறுபடி அழுத்தறார். முகமெல்லாம் சோந்து போச்சு ஆன்ட்டி. இன்னொரு தடவைதான் முடியும்னு நினைக்கறேன்.”

ஐலீன் எழுந்து உள்ளே வந்தார். “நெவ், மெஷின் மாட்டிக்கல. அலெக் அழுத்தறப்பல்லாம் நீதான் அணைச்சுப் போடற.”

நெவில் அப்படியே நின்றார். அவருக்குத் தெரியாத விஷயமில்லை. எஃப்.எம்.மில் ஓர் அலை வந்து சேர்ந்ததும், அதில் பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரைச்சல் அமுங்கிப்போகும். சிற்றலையில் பழகிய காதுக்கும், கணினியோடு போராடிச் சலித்த கைக்கும் அது தோன்றவில்லை. நெவில் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

இரைச்சல் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு அடங்கியது.

நெவிலின் வலது கை தானாக விசைப்பலகைப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது.

அமைதிக்குள் யாரோ மூச்சு விடுவது கேட்டது. எங்கோ அறைக்குள் ஒரு தட்டு வைக்கிற ஓசை. பிறகு அலெக்கின் குரல், தேய்ந்து, ஆனால் தெளிவாக:

“விக்டர்.”

எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், ரேடியோவில் முதலில் தன் அழைப்புக் குறியை, எழுத்துக்கு ஒரு சொல்லாக, சொல்ல வேண்டும்; V-க்கு விக்டர், K-க்கு கிலோ. அலெக் முறையாகவே ஆரம்பித்திருந்தார்.

“கிலோ.” நெடுநேரம். “ஃபைவ்.”

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இன்னும் எழுத்துகள் பாக்கி இருந்தன. அவற்றை நெவில் தன் சொந்தப் பெயரைவிட அதிகத் தடவை சொல்லியிருப்பார். அவர் வாய் திறந்தது; அடுத்த எழுத்துக்கு நாக்கு மேலண்ணத்தைத் தொட்டதுகூட ஐலீனுக்குத் தெரிந்தது.

நெவில் வாயை மூடினார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.